வியாழக்கிழமைக் கம்பு

பன்னிரண்டு படங்கள்.
முதலாவதில் குடை மூடியிருக்கும்.
ஆறாவதில் பாதி வயிறு.
பன்னிரண்டாவதில் முழு நிலா, சிவப்பாய்.
பிறகு மறுபடி ஒன்று.

இதைக் கோத்து முடிக்க எனக்கு நான்கு நாள்.
ஒரு ஜிஃப்புக்கு இருநூற்று ஐம்பத்தாறு நிறம்தான் அனுமதி;
சிவப்பின் மடிப்புகளே அதில் பாதியைத் தின்றுவிட்டன.
மிச்சத்தைப் பெர்கன் வானத்துக்குக் கொடுத்தேன்.
போதவில்லை.
இந்த ஊரின் ஒரே ஒரு காலையைச் சொல்லவே
இருநூறு சாம்பல் வேண்டும்.
இல்லாத இடத்தைக் கணினி புள்ளி புள்ளியாய் நிரப்பியது.
தூறல் மாதிரி இருந்தது. விட்டுவிட்டேன்.

எடை ஒரு மெகாபைட்டைத் தாண்டக் கூடாது.
தாண்டினால், படகில் வேலைக்குப் போகிறவரின் கைப்பேசியில்
குடை பாதியிலேயே நின்றுவிடும்.
நனைந்துபோவார், என்றார் கௌத்தே,
தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்து.
கௌத்தே முதலாளி.
முடிவில்லாமல் சுழலட்டும் என்பது அவர் கட்சி.
மூன்று சுற்று போதும் என்பது என் கட்சி.
ஓயாமல் திறந்து மூடும் எதையும்
மனிதர்கள் கதவு என்று நினைத்து
எழுந்து போய்ச் சாத்திவிடுவார்கள்.

படம் எடுத்தது துறைமுகத்தில்.
கிடங்கிலிருந்து எல்ட்ரிட் வந்து குடை பிடித்தாள்,
கை மட்டும்தான் தெரியும் என்று சொல்லியும்
உதட்டுச்சாயம் பூசிக்கொண்டு.
ஒன்பதாவது முயற்சியில் கடலிலிருந்து ஒரு காற்று.
குடை பின்பக்கமாய்ப் புரண்டு
கிண்ணமாகிவிட்டது.
எல்ட்ரிட் வாய் பிளந்து, ஒரு கால் தரையில் இல்லாமல்.
அழித்துவிடு, என்றார் கௌத்தே.
அழித்துவிட்டேன், என்றேன்.

வியாழன், காலை ஏழு நாற்பது.
பத்தொன்பதாயிரம் பேருக்கு ஒரே நொடியில் குடை விரிந்தது.
அடுத்த வியாழனும். அதற்கடுத்ததும்.
திறந்தவர் இத்தனை சதவீதம், தொட்டவர் இத்தனை.
மீன்காரர் தராசைப் பார்ப்பதுபோல்
கௌத்தே அந்த எண்களைப் பார்த்தார்.

நான்காவது வியாழன் ஒரு பதில் வந்தது,
யாருமே பதில் எழுதாத முகவரிக்கு.
ஹெர்போர்க் ட்வெய்ட்,
வோஸ் நகராட்சி, தண்ணீர் வரிப் பிரிவு.
"மதிப்பிற்குரியீர்,
ஒவ்வொரு வியாழனும் எனக்கு ஒரு கம்பு அனுப்புகிறீர்கள்.
சிவப்புக் கம்பு.
இதை நான் என்ன செய்ய வேண்டும்?"

புரிய ஒரு காபி நேரம் ஆனது.
அவர் அலுவலகத்தின் பழைய அஞ்சல் மென்பொருள்
எதையும் அசைய விடாது.
முதல் படத்தை மட்டும் ஆணியடித்து மாட்டிவிட்டுப் போய்விடும்.
அந்தம்மாவுக்குப் போய்ச் சேர்ந்தது
நான்கு நாள் உழைப்பில் செய்த ஒரு கம்பு.
அவரைப் போல இன்னும் எத்தனை பேர்,
எத்தனை வங்கி, எத்தனை பள்ளி அலுவலகம்,
மழை வழியும் ஜன்னலோரம்
என் கம்பைப் பார்த்தபடி.

முதல் கோணல் முற்றும் கோணல்.
வரிசையை உடைத்தேன்.
விரிந்த குடையைத் தூக்கி முன்னால் வைத்தேன்:
விரிந்திருக்கும், மூடும், விரியும்.
முடிவைச் சொல்லிவிட்டுக் கதையைத் தொடங்கினால்
யார் கேட்பார்கள், என்றார் கௌத்தே.
முதல் வரி மட்டுமே காதில் விழுகிறவர்கள், என்றேன்.

ஐந்தாவது வியாழன், எட்டு மணி இரண்டு நிமிடம்.
"இன்று குடை. மகிழ்ச்சி.
என்னிடம் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது."

சிரித்தேன். பிறகு
அழித்ததாய்ச் சொன்ன படத்தை எடுத்து,
பட்டியலுக்கு இல்லை, அவருக்கு மட்டும்,
விலை போடாமல், 'இப்போதே வாங்குங்கள்' பொத்தான் இல்லாமல்,
அசையாத ஒற்றைப் படமாய் அனுப்பினேன்:
எல்ட்ரிட், கிண்ணமான குடை, தரையில் இல்லாத கால்.

நான்கு நிமிடத்தில் பதில்.
"இது அசைகிறது."

வாராந்திர அறிக்கையில்
இதை எந்தக் கட்டத்தில் எழுதுவதென்று
கௌத்தேயிடம் நான் கேட்கவில்லை.